விடியலில் சுடாத துப்பாக்கி

எத்திராஜுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் செத்துப்போன ஒரு மனிதர் பதின்மூன்று வருஷம் அவரோடு குடியிருந்தார். பெயர் மகாலிங்கம், எல்லோருக்கும் மகா. அவர் உயிரோடு இருந்தபோது எத்திராஜ் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது. அதுதான் தொல்லையாகிவிட்டது. முகம் தெரியாததால் அவர் யார் முகத்தை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் பால் பாக்கெட் போடுகிறவரின் முகம். இன்னொரு நாள் சிவாஜிநகர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வாய் பிளந்து தூங்குகிறவரின் முகம். அப்படிப்பட்ட நாட்களில் எத்திராஜ் குடித்துக்கொண்டிருக்கும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

“இன்னாங்க, வந்துட்டாரா உங்க சிநேகிதரு?” என்பார் மனைவி தமயந்தி. கிண்டல்தான். ஆனால் அன்றைக்கு அவரே இன்னொரு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

பேய் என்று ஒன்று இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனால் விசாரிக்கப்படாத சாவு என்று ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் அது ஏராளமாக இருக்கிறது. யாருமே கேட்காத கேள்வி எங்கேயாவது போய்த் தங்கத்தானே வேண்டும்? மகாவின் சாவு பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கின் வீட்டில் வந்து தங்கியது.

எத்திராஜ் ராணுவத்தில், அல்சூர் சாப்பர் படையில் ஆர்மரராக இருந்தவர். ஆர்மரர் என்றால் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர். ஓய்வு பெற்றதும் கன்டோன்மென்டில் சில்வெஸ்டர் என்பவரின் துப்பாக்கிக் கடையில் அதே வேலைக்குச் சேர்ந்தார். எத்திராஜுடையது அப்பா காலத்திலேயே கோலார் சுரங்கத்தில் பௌத்தத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் விளக்கேற்றுவதோ, ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பதோ கிடையாது. பாங்க் காவலாளிகளின் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஆயுதபூஜை முடிந்து சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு கடைக்கு வரும்போது, “எத்திராஜ், உன் பக்தைகள்லாம் வந்துட்டாங்க பாரு” என்று சில்வெஸ்டர் சீண்டுவார். எத்திராஜ் துணியை எடுத்துத் துடைப்பார். அவர் பார்த்த பூஜையெல்லாம் வெளியே துடைத்தால் போய்விடுகிற பூஜைதான்.

1992 தீபாவளி கழிந்த சமயம் கோவிந்தப்பா என்பவர் கடைக்கு வந்தார். எலஹங்கா தாண்டி தேவனஹள்ளி ரோட்டில் பெரிய திராட்சைத் தோட்டக்காரர். காட்டுப்பன்றி விரட்ட என்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி சுடவில்லை என்று கொண்டுவந்தார். வெளிநாட்டு செமி-ஆட்டோமேட்டிக். இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டு தோட்டாவோடு வாயை மூடிக்கொள்ளும். இது அப்படி ஓயாது. ஒரு தோட்டா வெடித்த வேகத்திலேயே உள்ளே இருக்கும் போல்ட் என்கிற இரும்புக்கட்டை பின்னால் பாய்ந்து, காலித் தோட்டாவைத் தூக்கி எறிந்து, அடுத்ததை ஏற்றிக்கொண்டு தயாராக நிற்கும். மனிதன் விரலை மட்டும் அசைத்தால் போதும்.

விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி பாய வேண்டும். அது போல்ட்டுக்குள் இருக்கும் ஊசியைத் தட்ட, ஊசி முன்னால் ஓடித் தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பைக் குத்த வேண்டும். குத்து பலமாக விழுந்தால் வெடிக்கும். கோவிந்தப்பாவின் துப்பாக்கியில் சுத்தியைத் தள்ளும் ஸ்பிரிங் உடைந்திருந்தது. எத்திராஜ் புது ஸ்பிரிங் போட்டார். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார். மறு வாரம் கோவிந்தப்பா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, ஒரு கூடை கறுப்புத் திராட்சையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை எத்திராஜ் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பொங்கல் வருவதற்குள் சில்வெஸ்டர் சொன்னார். “அந்த திராட்சைக்காரரு தெரியுமில்ல, பன்னின்னு நெனச்சு அவரு தோட்டத்து ஆளையே சுட்டுட்டாராம். விடியற்காலை இருட்டுல. ரெண்டு குண்டு.”

“ஆளு?”

“செத்துட்டான். ஆக்சிடென்ட்னு முடிச்சிட்டாங்க.”

இரண்டு குண்டு. முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் கத்தியிருப்பானே, பன்றியா மனிதனா என்று அந்தக் கத்தலிலேயே தெரிந்திருக்குமே என்று எத்திராஜ் அப்போதே நினைத்தார். அடுத்து நினைத்தது அவரை விடவேயில்லை. இரண்டாவது குண்டைத் தடங்கல் இல்லாமல் வெடிக்க வைத்தது அவர் கை வேலை.

அன்றைக்கு முதல் மகா வரத் தொடங்கினார்.

ஆறு வருஷம் கழித்து, 1998 டிசம்பரில், அதே துப்பாக்கி கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் கோவிந்தப்பாவின் மகன் உமேஷ். கோவிந்தப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார். துப்பாக்கியின் கட்டையில் இருந்த பழைய கீறலைப் பார்த்ததுமே எத்திராஜ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இது விடியற்காலையில சுடாதுங்க” என்றார் உமேஷ். தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழ், வீட்டில் கன்னடம்.

“ஏன், தூக்கம் கலையாதா அதுக்கு?” என்றார் சில்வெஸ்டர்.

“தமாஷ் பண்ணாதீங்க ரீ. மத்தியானம் சுடுது. காலையில டிக்குனு நின்னுடுது. குளிர்காலம் வந்தா போதும், தினமும் இதே கதை. எங்கம்மா கேட்டா, அந்தாளுதான் பிடிச்சிட்டு நிக்கிறான்றாங்க.”

“எந்த ஆளு?” என்று எத்திராஜ் கேட்டார். தெரிந்தேதான் கேட்டார்.

“அப்பா தெரியாம சுட்டாரில்ல, அவன்.”

உமேஷின் சங்கடம் இதுதான். தேவனஹள்ளிக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சில் நிலத்துக்கெல்லாம் றெக்கை முளைத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தை மனை பிரித்து லேஅவுட் போட அவருக்கு ஆள் தயார். தோட்டமோ அம்மா கெம்பம்மாவின் பெயரில். கெம்பம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். தோட்டத்து மூலையில் ஒற்றை அறையில் மகாவின் மனைவி சின்னத்தாயி இருந்தார். புருஷன் துப்பாக்கிக்குள் உட்கார்ந்திருக்கும்வரை பெண்டாட்டியை அந்த அறையிலிருந்து கிளப்பினால் குலம் நாசமாகும் என்பது கெம்பம்மாவின் முடிவு.

“விடியற்காலையில எங்கம்மா கண்ணு முன்னாடி இது ஒரு தடவை வெடிச்சா போதும். பயம் தெளிஞ்சிடும். அந்தம்மாவ அனுப்பிட்டு நான் வேலைய ஆரம்பிச்சிடுவேன்.”

உமேஷும் பேயை நம்பாதவர்தான். மூடநம்பிக்கையை ஒழிக்க எல்லோருக்கும் நல்ல காரணம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

எத்திராஜ் துப்பாக்கியைப் பிரித்தார். உள்ளே எண்ணெய் கருஞ்சிவப்பாகக் கசிந்து வழிந்தது. தோட்டத்து வாட்ச்மேன் எவனோ மெஷின் எண்ணெயை வாரி இறைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். மண்ணெண்ணெய் நாற்றத்தில் ஊறிப்போன மூக்கு அவருக்கு. முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கழுவி, ஊசியை மாற்றி, குவாரியில் மத்தியான வெயிலில் சுட்டுக் காட்டினார். அருமையாகச் சுட்டது. சில நாளிலேயே உமேஷ் திரும்ப வந்தார். விடியலில் சுடவில்லை.

“யாராவது எண்ணெய் போடறாங்களா இதுக்கு?”

“யாரும் தொடறதே இல்லீங்க. சாமி ரூம்ல இருக்கு.”

உமேஷ் பொய் சொல்லவில்லை. பூஜை செய்வது அவர்கள் வீட்டுக் கணக்கில் துப்பாக்கியைத் தொடுவதாகவே சேராது. எத்திராஜ் மறுபடியும் தப்பாகத்தான் கணித்தார். தோட்டா ஈரம் வாங்கியிருக்கும், புதிது வாங்குங்கள் என்றார். புதுத் தோட்டாவும் விடியலில் வெடிக்கவில்லை.

“நீ மிலிட்டரியில இன்னாத்த ரிப்பேர் பண்ணே, டீ சமோவாரா?” என்று சில்வெஸ்டர் கேட்டார். மார்கழி அமாவாசையன்று மாலை உமேஷின் ஜீப்பில் எத்திராஜ் தோட்டத்துக்குக் கிளம்பினார். இரவு அங்கேயே தங்கி விடியலில் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. போகாமல் இருந்திருக்கலாம். “வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்களேன்” என்று தமயந்தி சொல்லவும் செய்தார்.

“வேற ஆளு சரி பண்ணிடுவான்” என்றார் எத்திராஜ். “அப்பறம் அந்த ரூமுல இருக்கற அம்மாவ யாரு பாக்கறது?”

பம்புசெட் கொட்டகையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். காப்பி கொண்டுவந்த பெண்மணிதான் சின்னத்தாயி. நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் அரூர்ப் பக்கம். மருந்து தெளித்துத் தெளித்து விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. மகாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். அந்த மருந்தை வெறுங்கையால் தெளிக்க மாட்டோம், கையுறை வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மகா தோட்டத்து ஆட்களையெல்லாம் கூட்டி வேலையை நிறுத்தியிருக்கிறார். கொடிகளெல்லாம் பூஞ்சை பிடித்துக் கருகின. அடுத்த வாரம் விடியலில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவரைக் கோவிந்தப்பா ‘பன்றி’ என்று சுட்டார்.

“ஊருக்குப் போகலியாம்மா?”

“அங்க என்ன இருக்குண்ணா? இங்கயாவது ஒரு ரூமு. அம்மாவ்ரு பயத்துல விட்டு வெச்சிருக்காங்க. அவரு செத்தும் எனக்கு வீடு குடுத்திருக்காரு.” சிரித்தார். சிரித்த வேகத்திலேயே அது நின்றது.

விளக்கு வைக்கும் நேரத்தில் எத்திராஜ் அந்தப் பூஜையைப் பார்த்தார். சாமி அறையில் மனைப்பலகைமேல் துப்பாக்கி செங்குத்தாக நின்றது. வாயில் செம்பருத்தி மாலை. கெம்பம்மா உடம்பு நடுங்க நடுங்க குங்குமம் தூவினார். பிறகு வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். சின்னத்தாயி வாசற்படிக்கு வெளியே நின்று, உள்ளே கால் வைக்காமல், எண்ணெய்ப் புட்டியைத் தரையில் வைத்து நகர்த்தினார். கெம்பம்மா அதைத் தண்ணீர் தெளித்து எடுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்துவிட்டு, திறந்த வாய்க்குள் சாந்தி சாந்தி என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். செத்தவன் ஆத்மா குளிர வேண்டுமானால் அவன் பெண்டாட்டி கை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும் என்று எவனோ ஒரு ஜோசியன் சொல்லியிருந்தானாம். அவள் கை எண்ணெய் வேண்டும். அவள் உள்ளே வரக் கூடாது. புருஷன் அந்த இரும்புக்குள் இருக்கிறான் என்று நம்புகிற வீடு, அவன் மனைவியை வாசற்படியில் நிறுத்தியிருந்தது. கொன்றவர்கள் உள்ளே, கொல்லப்பட்டவனின் மனைவி வெளியே. இதற்குப் பெயர் சாந்தி.

எத்திராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். உள்ளே எண்ணெய் எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டது. மத்தியானம் சுடுகிற துப்பாக்கி விடியலில் ஏன் சுடவில்லை என்பது இன்னும் தெரியவில்லை. மத்தியானமும் அதே எண்ணெய்தானே உள்ளே இருக்கிறது?

பொழுது வெளுக்க ஆரம்பித்ததும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பம்புசெட்டுக்குப் பின்னால் போனார். பெங்களூர் மார்கழிக் குளிரில் இரும்பு விரலைக் கடித்தது. தோட்டாவை ஏற்றி, மண்மேட்டைக் குறிவைத்து அழுத்தினார்.

டிக்.

சுடாத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். அதனால் வாயை மண்மேட்டுக்கே காட்டியபடி அசையாமல் காத்திருந்தார். பனிமூட்டத்தில், கொடிகளுக்கு நடுவே, வாய்க்கால் பக்கம் யாரோ நிற்பது போலிருந்தது. கொடி கட்டின கல்தூண் என்று தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வேர்த்தது. குளிரில் வேர்த்தது.

தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தார். கேப்பில் கொசு கடித்த அளவுக்குத்தான் பள்ளம். ஊசி குத்தியிருக்கிறது, பலமில்லாமல் குத்தியிருக்கிறது. துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்து, கட்டைவிரலால் ஊசியைத் தள்ளினார். சேற்றில் புதைந்த கால்போல அது மெதுவாக அசைந்தது. ஊசி ஓடும் துளையை ஒரு குச்சியால் சுரண்டினார். வெள்ளையாக, மெழுகுபோல, நடுநடுவே குங்குமச் சிவப்போடு திரண்டு வந்தது. இந்தத் தடவை மூக்கருகே கொண்டுபோனார்.

தேங்காய் எண்ணெய்.

மார்கழி மாசம் இந்த ஊரில் எந்த வீட்டிலாவது தேங்காய் எண்ணெய் புட்டியிலிருந்து ஒழுங்காக விழுகிறதா? வெயில் ஏறினால் உருகும். விடியலில் உறையும். உறைந்த எண்ணெய் ஊசியைப் பிடித்துக்கொள்கிறது, மத்தியானம் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துப் பேய் ஒரு குச்சி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளைக் கொன்ற குற்ற உணர்ச்சி பூஜை செய்தது. பூஜை துப்பாக்கியை அடைத்தது. அடைத்த துப்பாக்கி பேய்க்குச் சாட்சி சொன்னது. சாட்சியைக் கண்டு பயந்து இன்னும் ஊற்றினார்கள்.

காப்பி டம்ளரோடு சின்னத்தாயி வந்து நின்றார். எத்திராஜ் குச்சியை அவரிடம் நீட்டினார்.

“இதுதாம்மா. நீ குடுக்கற எண்ணெய்தான். குளிர்ல ஒறஞ்சு ஊசிய ஓட விடாம பண்ணுது. வேற ஒண்ணும் இல்ல.”

சின்னத்தாயி குச்சியை வாங்கிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். விரல் சூட்டில் அது உருகியது.

“அப்ப… அவரு உள்ள இல்லியா?”

“இல்லம்மா.”

எத்திராஜ் தானே தொடர்ந்தார். “இத நான் அவங்ககிட்ட சொன்னா உன் ரூமு போயிடும். உமேஷ் அதுக்குத்தான் என்ன கூட்டியாந்தாரு. சொல்லாம இப்படியே மாட்டிக் குடுத்துட்டு, எனக்குத் தெரியலன்னு போயிடலாம். இன்னும் கொஞ்ச வருஷம் பயப்படுவாங்க. நீயே சொல்லு.” போல்ட்டைக் கையில் எடுத்தார். “இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. அன்னிக்கு இந்தத் துப்பாக்கி சுடாம ஒடஞ்சி கெடந்துச்சு. சரி பண்ணிக் குடுத்தவன் நான்தான்.”

அவர் எத்திராஜின் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“அது ஒடஞ்சே கெடந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எத்திராஜும் முடிக்கச் சொல்லவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சின்னத்தாயி சாக்கின் ஓரத்தில் குந்தினார்.

“அண்ணா, ஒவ்வொரு அமாவாசைக்கும், இது வெளிய போயிட்டு வர்ற நாளுக்கும் அந்தம்மா ஊத்தறப்ப நான் வெளிய நின்னு பாப்பேன். இந்தக் குளிர்ல, இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள, அவரு முட்டி மடக்கி உக்காந்திருக்காரேன்னு நெனப்பேன். தன்னைக் கொன்ன துப்பாக்கியவே பிடிச்சிக்கிட்டு எனக்காகக் காவலு இருக்காரேன்னு. ராத்திரி கால நீட்டித் தூங்க மாட்டேண்ணா. அவரால நீட்ட முடியாதில்ல.” மூக்கை முந்தானையில் துடைத்தார். “ரூமு போனா போவுது. சுத்தமா தொடைச்சி எடுத்துடுங்க. அவருக்கு இதுல இருந்து விடுதலை குடுங்க.”

“அவரு இதுல இல்லம்மா.”

“நீங்க தொடைங்கண்ணா.”

எத்திராஜ் துடைத்தார். ஊசியை உருவி, துளையை மண்ணெண்ணெயில் கழுவி, துணி பிசுபிசுக்காமல் வரும்வரை துடைத்தார். வெயில் இன்னும் தென்னை உச்சியைத் தொடவில்லை. உமேஷையும் கெம்பம்மாவையும் கூப்பிட்டார். கெம்பம்மா சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மகனின் கையைப் பிடித்தபடி வந்தார். எத்திராஜ் அந்த வெள்ளைத் திரட்சியைக் காட்டி விளக்கினார். கெம்பம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை. துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நோடு. ஏனூ இல்ல” என்றார் உமேஷ், பார், ஒன்றுமே இல்லை என்று.

எத்திராஜ் இரண்டு தோட்டா போட்டார். அழுத்தினார். வெடித்தது. காலித் தோட்டா புகையோடு துள்ளி விழுந்தது. போல்ட் தானாக அடுத்ததை ஏற்றியது. இரண்டாவதும் வெடித்தது. மண்மேடு சிதறியது. கொடிகளிலிருந்து பறவைகள் கலைந்து பறந்தன. சின்னத்தாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் அறைக்குள்ளிருந்து கேட்டதும் இதே இரண்டு சத்தம்தான்.

உமேஷ் கைதட்டப் போனார். அதற்குள் கெம்பம்மா அலறினார்.

“பிட்டுபிட்டா! கைபிட்டுபிட்டா!” விட்டுவிட்டான், துப்பாக்கியை விட்டுவிட்டான், இனிமேல் என்னைத் தேடி வருவான் என்று மார்பில் அடித்துக்கொண்டார். பிறகு சின்னத்தாயியின் எதிரில் விழுந்தார். ஆறு வருஷமாகச் சாமி அறைக்குள் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததை அப்போது வெளியே சொன்னார்.

“நான் பேடா அந்தெ தாயி! மனுஷ்யா ரீ, ஹொடீபேடி அந்தெ. ‘நங்கொத்து’ அந்த்ரு!”

மனுஷன், சுடாதீங்க என்று நான் சொன்னேன். ‘எனக்குத் தெரியும்’ என்றார் அவர்.

எத்திராஜ் துப்பாக்கியைக் காலி செய்து தரையில் வைத்தார். உமேஷ் அம்மாவைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். “வயசாச்சு, புத்தி சரியில்ல. ஏதோ பேசறாங்க. எத்திராஜ், நீங்க கேக்கலன்னு வெச்சுக்கங்க.”

“கேட்டேங்க” என்றார் எத்திராஜ்.

சின்னத்தாயி எழுந்தார். தன் அறைக்குப் போனார். டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தார். யாரை அந்த அறையிலிருந்து கிளப்புவதற்காக உமேஷ் இத்தனை பாடுபட்டாரோ, அவர் தானாகவே கிளம்பி நின்றபோது கேட்டதை வெளியே போய்ச் சொல்லிவிடுவாரே என்று உமேஷுக்குப் பயம் வந்தது. ஓடிவந்து வழியை மறித்தார்.

“எங்க போறே? இரு. ரூமு உனக்குத்தான். லேஅவுட் போட்டாலும் அந்த மூலைய உன் பேருக்கே எழுதித் தர்றேன். நெஜமா.”

“ஹோகபேடா தாயி” என்று கெம்பம்மா கெஞ்சினார். “ஒளக்கெ பா.” போகாதே, உள்ளே வா என்றார். முதல் தடவையாக.

“இன்னிக்குக் காலை வரைக்கும் அவர இரும்புக்குள்ள வெச்சிருந்தீங்க” என்றார் சின்னத்தாயி. “இனிமே என்ன ரூமுக்குள்ள வெக்கணுமா? வழிய விடுங்க.”

எத்திராஜ் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். கூலி வாங்கவில்லை, துப்பாக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் நெடுஞ்சாலைவரை நடந்தார்கள். அங்கிருந்து ஊருக்குள் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். உட்காரச் சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர். சுட்டவரே செத்துவிட்டார், செத்தவர்மேல் கேஸ் எப்படிப் போடுவது என்றார். கெம்பம்மா மறுநாள் நான் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். “அந்தம்மாதான் ரூமு குடுக்கறேங்கறாங்களே, போய் இரும்மா. எதுக்கு வம்பு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மனுஷன்னு தெரிஞ்சுதான் சுட்டாருன்னு எழுதுங்க சார். எழுதிட்டீங்கன்னா நான் போயிடறேன்.”

செத்தவர்மேல் வழக்குப் போட முடியாதாம். ஆனால் செத்த ஒரு கூலியாளை ஆறு வருஷம் ஒரு குழாய்க்குள் சம்பளமில்லாக் காவலுக்கு வைத்திருக்க முடிந்திருக்கிறது. அதற்குச் சட்டம் எந்த இடையூறும் செய்யவில்லை.

சின்னத்தாயி ஸ்ரீராம்புரத்தில் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்தார். மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை கிடைத்தது. தங்கை சொல்வார், படுத்தால் இடம் முழுக்க அடைத்துக் கால் நீட்டித் தூங்குகிறாள் என்று. எத்திராஜுக்கு அந்தத் தூக்கம் கிடைக்கவில்லை. மகா வந்துகொண்டுதான் இருந்தார். முன்பு பேசாமல் நின்றவர் இப்போது சின்னத்தாயி முடிக்காமல் விட்ட வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். அது பேய் இல்லை என்று எத்திராஜுக்குத் தெரியும். அதனால்தான் அதை விரட்ட எந்த மந்திரமும் இல்லை என்றும் தெரியும். உமேஷ் கடைக்கு வந்து சத்தம் போட்டார். சில்வெஸ்டர் எத்திராஜை வேலையை விட்டு நிறுத்தவில்லை. “வருஷத்துல ஆயுதபூஜைக்கு மட்டுந்தான் லீவு போடறவன் இவன், விட முடியாது” என்று சொல்லி உமேஷை அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு மார்கழியிலும் மகா செத்த நாளில் சின்னத்தாயியும் எத்திராஜும் அந்த ஸ்டேஷனுக்குப் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள். தோட்டம் சைட்டுகளாக மாறியது. அந்த மூலை அறை இருந்த இடத்தில் எல்லைக் கல் நட்டார்கள். புதிதாக மாற்றலாகி வருகிற போலீஸ்காரர்களிடம், “மார்கழியில ரெண்டு பேரு வருவாங்க, டீ வாங்கிக் குடு, எதிர்த்துப் பேசாத” என்று பழைய ஏட்டு ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைப்பாராம். பேயை நம்பாத இரண்டு பேர் ஒரு காவல் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

எத்திராஜ் 2006 மழைக்காலத்தில் இறந்தார். அந்த மார்கழியில் சின்னத்தாயி தமயந்தியை அழைத்துக்கொண்டு போனார்.